கிடாப்பட்டித் தேவாலயம்

இவிசாத் ரெகினாவுக்கு முகங்கள் இரண்டு. ஒன்று ஊருக்கு, மற்றது கப்பலுக்கு. ஊர் முகத்தில் புருவம் ஏறும், மூக்கு சுருங்கும், பக்கத்துவீட்டு நாயைக் கண்டால்கூட உதடு கோணும். கப்பல் முகத்தில் எதுவும் அசையாது. "காபி குடிக்கிறீங்களா? பால் போடலாமா?" என்று வாய் மட்டும் கேட்கும். அதற்கு மேல் அந்த முகத்திலிருந்து ஒன்றும் பெயராது. ஐம்பத்தேழு வயதுவரை ஒரே முகத்தோடு காலம் தள்ளியவள், போன வருஷத்துக் கோடையில்தான் இந்த இரண்டாவது முகத்தைச் செய்துகொண்டாள். செய்ய வைத்தவர்கள் செந்தாடி எரிக்கின் பக்தகோடிகள்.

இந்த எரிக் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐஸ்லாந்தில் ஆளைக் கொன்றுவிட்டு, ஊர்விலக்கம் வாங்கிக்கொண்டு, எங்கள் கடல்கழிக்கு ஓடி வந்தவன். பனிக்கட்டி மூடிய எங்கள் தீவுக்குப் 'பச்சை நாடு' என்று பெயர் வைத்து ஆள் பிடித்தவன். மனைத்தரகு வேலையில் அவனை மிஞ்ச இன்னொருவன் பிறக்கவில்லை. அவன் கூட்டம் நானூற்றைம்பது வருஷம் இங்கே மாடு மேய்த்தது, கல்லால் வீடு கட்டியது, பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் காணாமல் போனது. செத்தார்களா, கப்பலேறினார்களா என்று படித்தவர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். ரெகினாவின் அப்பா தோபியாஸ் அந்தச் சண்டைக்கே போனதில்லை.

"அவனுங்க போயிட்டானுங்க, நாம இருக்கோம். அப்புறம் எதுக்கு ஜனங்க இம்புட்டு தூரம் அவனுங்களைப் பாக்க வருது? இருக்கிறவனைப் பாத்தா கண்ணு அவிஞ்சிடுமா?" என்பார்.

ரெகினா அவருக்குத் தப்பாமல் பிறந்த மகள். ஏழு வீடுகள் உள்ள இவிசாத்தில், கழியை ஒட்டிய பச்சை வீட்டில் பிறந்தாள். பன்னிரண்டு வயதில் டேனிஷ் மொழி படிக்கட்டும் என்று ஒரு வருஷம் டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் டேனிஷும் ஏழு வகைக் கேக்கும் கற்றுக்கொண்டு திரும்பினாள். "ஊரு எப்படிடீ இருந்துச்சு?" என்று கேட்டவர்களுக்கு, "மலையே இல்ல. எதைப் பாத்து நாளைக்குக் காத்தடிக்குமான்னு சொல்றது? பாவம், டிவியைப் பாத்துத் தெரிஞ்சுக்கறாங்க" என்றாள். அதோடு அந்த நாட்டின் கணக்கு அவள் மட்டில் முடிந்தது.

இருபத்தோரு வயதில் கார்ல் என்பவனைக் கட்டினாள். ஒன்பது வருஷம் கழித்து அவன் நூக் நகரத்துக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்தது. கூடவே அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்த ஒருத்தியும் கிடைத்தாள். ரெகினா அழவில்லை என்று சொன்னால் பொய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதாள். திங்கட்கிழமை அவன் விட்டுப்போன படகு எஞ்சினை விற்று, நல்ல சாதிக் கிடா ஒன்று வாங்கி வந்தாள். "ஆம்பளைக்கு ஆம்பளை சரியாப்போச்சு. இதாவது வேலை செய்யும்" என்று இறங்குதுறையில் வைத்தே சொன்னாள். ஊர் அந்தப் பேச்சை இன்னும் மறக்கவில்லை.

அவள் உயிர் இருந்த இடம் வீட்டுக்குக் கீழே சரியும் புல்வயல். எங்கள் நாட்டில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. உழைக்கிறவனிடம் இருக்கும், விட்டால் போய்விடும். அந்த வயல் ஒரு காலத்தில் வெறும் கல். தோபியாஸ் இருபது வருஷம் கல் பொறுக்கினார். பொறுக்கிய கல்லையெல்லாம் மேட்டு மூலையில் குவித்தார். எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடையில் அந்தக் குவியலை எடுத்துக் கிடாவுக்கு ஒரு பட்டி கட்டினார். பெட்டைகளோடு கிடாவை முன்கூட்டியே சேர விட்டால் குட்டிகள் பனியில் விழுந்து விறைத்துச் சாகும். மே மாதம் குட்டி போட வேண்டுமென்றால் டிசம்பர் வரை கிடாவைப் பிரித்து வைத்தாக வேண்டும். அதனால் இடுப்பளவு உயரத்தில் வட்டமாக ஒரு சுவர், நடுவில் கிடா படுக்கச் சின்னதாக ஒரு கல் குடில். பனிப்பாளத்திலிருந்து வருகிற பேய்க்காற்று கிழக்கேயிருந்து அடிக்கும் என்பதால் வாசல் மேற்கே.

கல் சுமந்தது இரண்டு பேர். பதினாலு வயது ரெகினாவும், அவள் பெரியப்பா மகன் பதினைந்து வயது எஸ்கில்லும். அப்போதைய கிடாவுக்குப் பிஷப் என்று பெயர். வயிறும் நடையும் அப்படி. ஒருநாள் எஸ்கில் குனிந்து கல் வைத்துக்கொண்டிருந்தபோது பிஷப் பின்னாலிருந்து வந்து முட்டியதில், அவன் சாணிச்சேற்றில் குப்புற விழுந்தான். ஊரே அந்த வருஷ கிறிஸ்துமஸ்வரை சிரித்தது.

பிறகு கிடாக்களுக்குத் தகரக் கொட்டகை வந்தது. பட்டியின் கூரை உள்ளே சரிந்து, புல் மூடி, பார்ப்பாரில்லாமல் கிடந்தது. இருநூற்றெண்பது ஆடுகள் குளிர்காலத்தில் தின்பதில் பாதிப் புல் அந்த வயலில்தான் விளைந்தது. வயல் இருந்தால் ரெகினா பட்டிக்காரி. இல்லையென்றால் நூக்கில் ஏதோ ஒரு மாடிக் குடியிருப்பில் ஜன்னல் வழியாகக் காக்கை பார்க்கும் கிழவி.

கப்பல்கள் வருவது ஏழெட்டு வருஷமாகத்தான். 'செந்தாடி எரிக்கின் சுவட்டில்' என்று பக்கவாட்டில் பெரிதாக எழுதிய வெள்ளைக் கப்பல். ரப்பர் படகுகளில் நூற்றெண்பது பேர் கரைக்கு வருவார்கள். எல்லாருக்கும் ஒரே சிவப்பு மேலங்கி, தலையில் கொசுவலை. கடுகளவு பூச்சிக்குப் பயந்து வலைக்குள் ஒளிந்துகொண்டவர்கள், கொலைகாரன் போன வழியில் தாங்களும் போகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஒரு அம்மாள் ரெகினாவின் ஆட்டுநாய்க் குட்டியைப் பார்த்து "ஓநாயா?" என்று நடுங்கினாள். இவர்களுக்கு ஆதரவு தர ஒருத்தன் ஊரிலேயே இருந்தான். எஸ்கில் ஆடுகளை விற்றுவிட்டு, கரையோரம் 'எரிக் காபி வீடு' திறந்திருந்தான். கப்பல் நாளில் தலையில் பிளாஸ்டிக் கொம்பு வைத்த தொப்பி. அவனுடைய தாத்தா கயாக் என்ற தோல்படகில் போய்க் கடல்நாய் வேட்டையாடியவர். பேரன் கொம்பு முளைத்து நின்றான்.

போன வருஷம் ஜூன் மாதம் வந்த கப்பலில் டாக்டர் தோர்சன் என்று ஒரு விரிவுரையாளர் வந்தார். மின்னசோட்டாக்காரர், கழுத்தில் எரிக் காலத்து இடிச்சாமியின் வெள்ளிச் சுத்தியல் தொங்கும். கப்பல்காரர்களுக்குத் தினமும் ஒரு அதிசயம் காட்டுவது அவர் உத்தியோகம். அன்றைக்கு அதிசயம் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. ரெகினா வேலிக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த வயல் வழியாகக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தவர், பட்டியைக் கண்டதும் நின்றார். கொசுவலையைத் தூக்கினார். மூச்சு வாங்கினார்.

"வட்டச் சுவரு பாத்தீங்களா? நடுவுல சின்னக் கட்டடம். மேற்கே வாசல். அந்தக் காலத்து மயானச் சுவரும் தேவாலயமும் இப்படித்தான் இருக்கும். எரிக்கோட சம்சாரம் கிறிஸ்தவச்சி, தெரியுமில்லையா? அவங்க கும்பிட்ட இடமாக்கூட இருக்கலாம்!"

கூட்டம் வாய் பிளந்தது. ஒருத்தர் பின் ஒருத்தராகத் தொப்பியைக் கழற்றினார்கள். வெள்ளைமுடி வைத்த ஒரு பெண்மணி குடிலுக்குள்ளேயே போய் மண்டியிட்டு, கண்ணீர் விட்டு, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிஷப் பதினோரு வருஷம் மூத்திரம் பெய்த மண். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு? இங்கே எல்லாருடைய மதியும் கப்பலிலேயே தங்கிவிட்டது.

தோர்சன் ரெகினாவைப் பார்த்துச் சிரித்தார். கூட்டத்தோடு மொழிபெயர்க்க வந்திருந்த எஸ்கில்லிடம், "இந்தம்மாவைக் கேளுங்க, இதை அவங்கப்பாவா கட்டினாரு?" என்றார் வேடிக்கையாக. கூட்டமும் சிரித்தது. எஸ்கில் எங்கள் மொழியில் கேட்டான்.

எங்கள் ஊரில் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. புருவத்தை மேலே தூக்கினால் ஆமாம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. பல்லிடுக்கில் கயிற்றைக் கடித்துக்கொண்டு படகு கட்டுகிறவனும், குளிரில் தாடை விறைத்தவனும் வேறு எப்படிப் பதில் சொல்வான்? பேச்சு வராத குழந்தைகூடப் புருவத்தால் பால் கேட்கும். ரெகினா வாயில் ஆணி வைத்திருந்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

"பாருங்க, பாருங்க!" என்று தோர்சன் கூவினார். "எவ்வளவு ஆச்சரியம் அவங்களுக்கு! தன் வயல்ல என்ன கிடக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"

நாலைந்து கேமராக்கள் அவள் முகத்துக்கு நேராக வந்தன. ரெகினா புருவத்தை இன்னும் உயரமாகத் தூக்கினாள். ஆமாம் என்றால் ஆமாம்.

"அசந்தே போயிட்டாங்க!" என்றார் தோர்சன்.

அவள் ஆணியைத் துப்பிவிட்டு எஸ்கில்லைப் பார்த்தாள். "சொல்லுண்ணே. அப்பா கட்டினது, கிடாவுக்குன்னு சொல்லு."

எஸ்கில் கொம்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கழியைப் பார்த்தான். "என்ன சொல்றாங்க?" என்று தோர்சன் கேட்டார். எஸ்கில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். ரெகினாவுக்கு ஆங்கிலம் வராது. அவன் சொன்னது என்ன என்று இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது: "அவங்கப்பா காலத்துல இருந்தே அது இங்கேதான் இருக்குதாம்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இவன் சோறுகூட வைக்காமல் மறைத்தான். சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

ஜூலையில் நூக்கிலுள்ள தொல்பொருள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விரிவுரையாளர் ஒருவர் முறைப்படி தகவல் கொடுத்திருப்பதால், இவிசாத் மேட்டு மூலைக் கட்டடம் பழைய தேவாலயமா என்று பார்க்கப்பட வேண்டும். தேவாலயம் என்றால் சுற்றிலும் கல்லறைகள் இருக்கலாம். ஆகவே அதிகாரி வந்து பார்க்கும்வரை வயலில் புல் அறுக்கவோ, இயந்திரம் இறக்கவோ கூடாது. பழசு என்று சந்தேகம் நீங்காவிட்டால் அடுத்த கோடையில் தோண்டிப் பார்ப்பார்கள். அதுவரையும் கூடாது.

அடுத்த கோடை! இரண்டு குளிர்காலம். ஆடுகளுக்கு வரலாறு புரியுமா? ரெகினா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராக எஸ்கில் வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் அடித்திருப்பாள். மூன்று நாள் கழித்து அவனே வந்தான், கையில் ஒரு கேக்கோடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதுகொண்டு வந்தது.

"தங்கச்சி, கேள்விப்பட்டேன். மனசே ஆறல."

"கல்லெல்லாம் பழசுன்னு அந்தாளு எழுதியிருக்கான். உலகத்துல புதுக்கல்லு எந்தக் கடையில விக்குதுண்ணே?"

"கோவப்படாத. நல்லதா நினைச்சுப் பாரு. வர்ற கோடைக்குப் பதினாலு கப்பல் இங்க நிக்கப்போவுதாம், இந்தத் தேவாலயத்துக்காகவே. உன்னையும் சேத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன். எரிக் சம்சாரம் மாதிரி ஒரு முக்காடு போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா போதும். நீ பேசக்கூட வேணாம்."

"நூத்தம்பது ஆட்டை வெட்டுக்கு அனுப்பிட்டு நான் முக்காடு போட்டுக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

"ஆடு எத்தனை நாளைக்கு? நானும்தான் வித்தேன். செத்தா போயிட்டேன்?"

"உன் தலையில கொம்பு முளைச்சிருக்கு. ஆட்டை வித்தவனுக்கு அதுதான் மிச்சம்."

எஸ்கில் கேக்கை அவள் பக்கம் நகர்த்தினான். "அவங்க என்னமோ நம்புறாங்க. ஜனங்க நம்பிக்கையைக் கெடுக்கிறதுக்கு நாம யாரு?"

ரெகினா அவன் இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, மேடாக வளர்ந்திருக்கும். வாசற்படிக் கல்லை இறக்கும்போது நசுங்கியது. அன்றைக்கு அவன் அழுததை வெளியில் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நாற்பத்து மூன்று வருஷமாக அவள் சொல்லவில்லை.

"அந்த நகம் எரிக் காலத்துல நசுங்கினதாண்ணே?"

எஸ்கில் விரலை மடக்கிக்கொண்டான். "நான் அப்போ சின்னப் பையன். எனக்கு எதுவும் ஞாபகமில்ல, தங்கச்சி."

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. தோர்சன் முட்டாள், அவரை மன்னிக்கலாம். கடவுள் முட்டாள்களைப் படைக்கும்போதே மன்னித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். ஒரே கல்லின் இரண்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கியவன் ஞாபகமில்லை என்கிறானே! அன்று அவன் போன பிறகு ரெகினா கேக்கைக் கொண்டுபோய்க் கிடாக்களுக்குப் போட்டாள். அவையும் மோந்து பார்த்துவிட்டு விலகின.

ஆகஸ்ட் பிறந்தது. புல் முற்றியது. எல்லார் வயலிலும் அறுவடை முடிந்து, வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய புல் உருளைகள் வரிசையாக நின்றன. ரெகினாவின் வயல் மட்டும் ஆளுயரத்துக்கு நின்று காற்றில் ஆடியது. அவள் தினமும் வேலியோரம் போய் ஒரு தாளைக் கடித்துப் பார்ப்பாள். இன்னும் பத்து நாள் போனால் அது புல் இல்லை, துடைப்பக்குச்சி. இடையில் கப்பல் இரண்டு முறை வந்தது. கேமராவோடு நெருங்கியவர்களுக்கு முன்னால் அவள் புருவத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளப் பழகினாள். ஒருநாள் தூக்கியதற்கே வயல் போயிருந்தது. கப்பல் முகம் அப்படித்தான் பிறந்தது.

பதினான்காம் தேதி நூக்கிலிருந்து அதிகாரி வந்தாள். நவரானா என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், முதுகில் பை. மேட்டு மூலைக்குப் போய் அளந்தாள், படம் எடுத்தாள், சுவரில் கைவைத்து நெடுநேரம் நின்றாள். தோர்சன் அனுப்பியிருந்த வீடியோவை அலைபேசியில் ரெகினாவுக்குப் போட்டுக் காட்டினாள். திரையில் ரெகினாவின் புருவம் ஒருமுறை ஏறியது, மறுமுறை நெற்றிமுடியைத் தொட்டது. எஸ்கில் ஆங்கிலத்தில் சொன்னதை நவரானா மொழிபெயர்த்ததும் அந்த இடத்தில்தான்.

"அக்கா, நான் இதை ஆபீஸ்ல பாத்தப்பவே விழுந்து விழுந்து சிரிச்சேன். நீங்க ரெண்டு தடவை ஆமான்னு சொல்லியிருக்கீங்க. அந்தாளுக்கு ஆச்சரியமாம்!"

"அப்ப முடிஞ்சுதுல்ல? நாளைக்கே அறுத்துடறேன்."

நவரானா மூக்கைச் சுருக்கினாள். "நான் நம்புறேங்கிறதை அறிக்கையில எழுத முடியாதுக்கா. வயலை வச்சிருக்கிறவங்க வயலுக்காகத்தான் சொல்லுவாங்கன்னு கேப்பாங்க. வேற யாராவது பாத்தவங்க, கூட இருந்தவங்க இருக்காங்களா? ஒருத்தர் போதும்."

உயிரோடு இருந்தது ஒரே ஒருத்தன்தான். அவனைக் காபிக்குக் கூப்பிட்டார்கள்.

எஸ்கில் சட்டை மாற்றிக்கொண்டு, கொம்பில்லாமல் வந்தான். கொம்பில்லாத தலையில் அவன் சாதாரண மனுஷனாகத்தான் தெரிந்தான். ரெகினா மேஜை நிறையக் கேக் வைத்திருந்தாள், ஏழு வகையும். நவரானா நோட்டைத் திறந்து முறையாகக் கேட்டாள். "அந்த மேட்டு மூலைக் கட்டடத்தை யாரு கட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது ரொம்ப நாளா இருக்குதுங்க. எங்க தாத்தாகூடப் பழைய கல்லுன்னு சொல்லுவாரு."

"தோபியாஸ் கட்டினாருன்னு இவங்க சொல்றாங்க. நீங்களும் கல்லு தூக்கினீங்களாம்."

"நான் சின்னப் பையன். ஞாபகமில்ல." ரெகினாவைப் பார்க்காமல் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்.

நவரானா எழுதினாள். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் ரெகினாவுக்குப் புல்லில் அரிவாள் ஓடுகிற மாதிரி கேட்டது. ஆனால் வெட்டுப்பட்டது அவள். ஜன்னலுக்கு வெளியே வயல் அசைந்தது. அவள் கையில் காபிக் குடுவை இருந்தது. அதை எஸ்கில்லின் தலையில் கவிழ்க்கலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். இந்த நாக்கு கப்பல்காரர்களோடு பழகிக் கெட்டுப்போயிருக்கலாம். மற்ற இடமெல்லாம் இவிசாத்தில் பிறந்ததுதானே?

"சரி விடு, பேசினது போதும். காபி இன்னும் ஊத்தட்டுமாண்ணே?" என்றாள் சிரித்த முகத்தோடு.

எஸ்கில்லுக்கு மூச்சு வந்தது. புருவத்தைத் தூக்கினான். ஊற்றினாள்.

"ஆப்பிள் கேக்கு நல்லா வந்திருக்கா?"

வாய் நிறையக் கேக். புருவம் ஏறியது.

"ராத்திரி மழை வரும்போல இருக்குல்ல?"

ஏறியது.

"அந்தப் பிஷப் உன்னையக் குப்புறத் தள்ளுச்சே, நாம மேல்வரிசைக் கல்லு வைக்கிறப்பத்தானே?"

ஏறியது. ஏறியதோடு நிற்கவில்லை, கேக்கு நிறைந்த வாய் ஒரு பக்கம் சிரிக்கவும் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எஸ்கில்லின் காதுக்குக் கேள்வி போய்ச் சேர்ந்தது. புருவத்தை அவசரமாகக் கீழே இறக்கினான். ஏறிய புருவத்தை இறக்கினால் ஆமாம் என்றது இல்லை என்று ஆகிவிடுமா?

நவரானா எழுதிக்கொண்டிருந்தாள்.

"நான் வாயே திறக்கலைங்க!" என்றான் எஸ்கில். கேக்கு சிதறியது.

"ஆமா, வாயை மூடியிருந்தீங்க. அதனாலதான் உண்மை வந்துச்சு" என்றாள் நவரானா. பிறகு பேனாவை வைத்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டாள். "அண்ணே, உங்களைத்தான் கேக்குறேன். பிஷப்புங்கிறது யாரு?"

எஸ்கில் இடது கட்டைவிரலை வலது கையால் தடவிக்கொண்டிருந்தான். "கிடா" என்றான் கடைசியில். "சித்தப்பாவோட கிடா. அதுக்குத்தான் கட்டினோம். வாசக்கல்லை நான்தான் பிடிச்சேன்."

அவன் கையெழுத்துப் போட்டான். நவரானா நோட்டை மூடிவிட்டு, நாளைக்கே அறுக்கலாம், கடிதம் பின்னால் வரும் என்றாள். போகும்போது ஒரு கேக்கைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டாள். தோர்சனுக்கும் விஷயம் எழுதப்பட்டது. அவரிடமிருந்து வந்த பதிலை நவரானா பிறகு தொலைபேசியில் படித்துக் காட்டினாள். உள்ளூர்க்காரர்களின் ஞாபகம் நம்பத் தகுந்ததல்ல என்பது அவருடைய கருத்தாம். ரெகினா சிரித்ததில் கொட்டகை ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

மறுநாள் விடிந்ததும் டிராக்டர் வயலில் இறங்கியது. இரவு வந்தது வெறும் தூறல்தான். பிறகு கிழக்கேயிருந்து காய்ந்த காற்று அடித்தது. வழக்கமாகத் திட்டு வாங்கும் அந்தப் பேய்க்காற்று இந்தத் தடவை ரெகினாவின் பக்கம் நின்றது. மூன்று நாளில் வயல் மொட்டையானது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் கூப்பிடாமலே வந்தார்கள். ஒருத்தர் வயலுக்கு எல்லாரும் வருவதுதான் இங்கே வழக்கம். முப்பது வருஷமாக அந்த வயலில் எஸ்கில்லும் வந்து புல் வாரியிருக்கிறான்.

மூன்றாம் நாள் மதியம் வந்தான். தோளில் புல்வாரி, தலையில் பழைய கம்பளித் தொப்பி. எல்லாரும் பட்டிச் சுவர்மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரெகினா குடுவையோடு நின்றாள். அவன் தன் வாசற்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"தங்கச்சி, கப்பல்காரங்க பேச்சை நம்பி புத்திகெட்டுப் போயிட்டேன்." வாரியைக் கைமாற்றினான். "இன்னும் என்மேல கோவமா?"

கோபம் என்றால் புருவம் ஏற வேண்டும். இல்லை என்றால் மூக்கு சுருங்க வேண்டும். ஏதாவது ஒன்றுக்காக எஸ்கில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தான். ரெகினா ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தாள். அவள் புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூக்கும் அப்படியே.

"காபி குடிக்கிறீங்களா?" என்றாள். "பால் போடலாமா?"